கறுப்பைக் காட்டச் சொல்லுங்கள்

டிவி வாங்கப் போனால் கடைக்காரர் கிளி, பூந்தோட்டம் என்று பளபளப்பாகப் போட்டுக் காட்டுவார். கிளியை எந்தத் திரையும் நன்றாகத்தான் காட்டும். நள்ளிரவுக் காட்சி ஒன்றைப் போட்டு, கடை விளக்கை அணைக்கச் சொல்லுங்கள், சாயம் வெளுத்துவிடும்.

'எல்இடி டிவி' என்று விற்பவற்றில் பெரும்பாலானவை எல்சிடிதான். எல்இடி, பின்னால் எரியும் விளக்கு மட்டுமே. படத்தை உண்டாக்குவது முன்னால் உள்ள திரவப் படிகம். 1888இல் பிராகில், பிரீட்ரிக் ரைனிட்சர் என்ற தாவரவியலாளர் கொலஸ்டிரால் சேர்மம் ஒன்றைச் சூடாக்கினார். அது 145 டிகிரியில் கலங்கலாக உருகி, 178 டிகிரியைத் தாண்டியதும்தான் தெளிந்தது. இடைப்பட்ட அந்தக் கலங்கல்தான் திரவப் படிகம். நீர்போல ஓடும், மூலக்கூறுகள் மட்டும் ஒரே திசை பார்த்து நிற்கும். மின்னழுத்தம் கொடுத்தால் திசை மாறும்.

அதன் இருபுறமும், ஒளியை ஒரே தளத்தில் மட்டும் அதிரவிடும் தகடுகள் உண்டு. படிகம் ஒளியின் அதிர்வுத் தளத்தைத் திருப்பிக் கொடுப்பதைப் பொறுத்து, முன்தகடு அதை விடும் அல்லது மறிக்கும். போலரைஸ்டு கூலிங்கிளாஸ் இருந்தால் எல்சிடி முன் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். ஒரு கோணத்தில் திரையே இருண்டுவிடும். ஆனால் திரைக்குள் எவ்வளவு மறித்தாலும் பின்விளக்கு கொஞ்சம் கசியும். கறுப்பு, சாம்பலாகத் தெரிவது அதனால்தான்.

பழைய எல்சிடிகளைப் பக்கவாட்டில் பார்த்தால் படம் வெளிறும். அதைக் குறைக்க உதவியது தட்டு வடிவ மூலக்கூறுகளால் ஆன மென்படலம். அவ்வகைத் திரவப் படிகத்தை 1977இல் கண்டறிந்தது பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தில் எஸ். சந்திரசேகரின் குழு. நோபல் வாங்கிய வானியற்பியலாளர் சந்திரசேகர் வேறு, அவர் சி.வி. ராமனுக்கு அண்ணன் மகன், இவர் சகோதரி மகன்.

ஓஎல்இடியில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் கரிமப் பொருள். கோடாக் நிறுவனத்தின் சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் 1987இல் இதற்கு வழி திறந்தார்கள். கறுப்பு வேண்டிய இடத்தில் பிக்சல் அணைந்துவிடும், அவ்வளவுதான். இருட்டறையில் சினிமா பார்க்க இதற்கு இணையில்லை. ஆனால் கரிமப் பொருள் தேயும், நீலம் சீக்கிரமே தேயும். நாள் முழுக்க ஒரே செய்தி சேனல் ஓடும் வீட்டில் அதன் லோகோ நிழலாகப் படிந்துவிடலாம். அங்கே எல்சிடியே மேல்.

கிண்டில் போன்ற மின்தாள் திரைகளில் கறுப்பு என்பது உண்மையிலேயே கறுப்புத் துகள். நுண்ணிய உறைகளுக்குள் வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும் எதிரெதிர் மின்னூட்டத்தோடு மிதக்கின்றன. மின்புலம் எதை மேலே இழுக்கிறதோ அது தெரியும். பக்கம் மாறும்போதுதான் மின்சாரம் செலவாகும், நட்ட நடு வெயிலிலும் படிக்கலாம். துகள்கள் நீந்தி வர நேரமாகும் என்பதால் கிரிக்கெட்டுக்கு மட்டும் உதவாது.