பி0171 கோடு சொல்வதும் சொல்லாததும்

சென்ற வாரம் டாஷ்போர்டில் எரியும் மஞ்சள் எஞ்சின் விளக்கோடு நிறுத்தியிருந்தோம். விளக்கு எரிந்ததும் இப்போதெல்லாம் பலர் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் புளூடூத் ஸ்கேனரை வாங்கி, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிற 16 பின் சாக்கெட்டில் செருகிவிடுகிறார்கள். போனில் பி0171 என்று வரும். உடனே ஆக்சிஜன் சென்சாருக்கு ஆர்டர் போய்விடும்.

நாகர்கோவில் வடசேரிப் பட்டறை ஒன்றுக்குக் குளச்சலிலிருந்து வந்த கார் அப்படிப்பட்டதுதான்.

"அண்ணாச்சி, சென்சார் மாத்தியாச்சு. பின்னயும் அதே கோடுதான் வருது."

"கோடு சென்சாரைக் குத்தம் சொல்லலியே தம்பி. காத்து கூடுதல், பெட்ரோல் குறைவுன்னு சொல்லுது. அதைக் கண்டுபிடிச்சுச் சொன்னதே அந்த சென்சார்தான். அதை எதுக்குப் போட்டு மாத்துனிய?"

மெக்கானிக் லைவ் டேட்டாவைத் திறந்தார். கலவையில் பெட்ரோல் குறைந்தால் கம்ப்யூட்டர் தானே கூட்டிக் கொடுக்கும். எத்தனை சதவீதம் கூட்டுகிறது என்பதுதான் ஃபியூயல் டிரிம். ஐடிலில் 20 சதவீதத்துக்கு மேல் கூட்டுகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்து 2500 ஆர்.பி.எம்.மில் நிறுத்தினால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. மாஸ் ஏர்ஃபுளோ சென்சார் வைத்த எஞ்சினில் இதற்கு ஒரே திசைதான்: அந்த சென்சாரின் கணக்கில் வராமல் எங்கோ காற்று புகுகிறது. ஐடிலில் எஞ்சின் இழுக்கும் காற்றே கொஞ்சம் என்பதால் ஓட்டை பெரிதாகத் தெரிகிறது. வேகம் கூடினால் கரைந்துபோகிறது. வேகம் கூடக்கூட டிரிமும் ஏறியிருந்தால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர் பக்கம் போயிருப்பார். கடைசியில் சிக்கியது, விரிசல் விட்ட ஒரு வேக்குவம் ஹோஸ்.

இந்தக் கோடுகள் பிறந்தது புகைக் கட்டுப்பாட்டுக்காக. அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து ஓ.பி.டி-2 கட்டாயம். இந்தியாவில் நான்கு சக்கர வண்டிகளுக்கு ஓ.பி.டி-1 வந்தது 2010 ஏப்ரலில், ஓ.பி.டி-2 வந்தது 2013 ஏப்ரலில். எல்லாக் கம்பெனிக்கும் கட்டாயமாக்கியது, புகையைப் பாதிக்கிற எஞ்சின், கியர்பாக்ஸ் கோடுகளைத்தான். பி0 என்று தொடங்குபவை பொது. பி1 கம்பெனியின் சொந்த மொழி. ஏ.பி.எஸ்., ஏர்பேக் இரண்டும் பெரும்பாலும் மலிவு ஸ்கேனரின் கண்ணுக்கே படாது. அதில் 'நோ கோட்' என்று வந்தால் வண்டி சுத்தம் என்று எண்ணிவிடக் கூடாது.

நம் கடற்கரைக்கு இது முக்கியம். முட்டம், குளச்சல், மணவாளக்குறிச்சி உப்புக்காற்றில் நிற்கும் வண்டியின் கனெக்டர் பின்களில் பச்சைக் களிம்பு பிடிக்கும். சக்கரத்துப் பக்கம் இருக்கிற ஏ.பி.எஸ். சென்சாரின் கனெக்டரில் அது நடந்தால் சி0035 போன்ற கோடு பதியும்: இடது முன்சக்கர வேக சென்சார் சர்க்யூட். 'சர்க்யூட்' என்றால் சென்சார், வயர், கனெக்டர் மூன்றும் சேர்த்தி. களிம்பைச் சுரண்டாமல் சென்சாரை மாற்றுவது காசைக் கடலில் போடுவதுதான்.

மலிவு ஸ்கேனர்களில் பெரும்பாலும் இருப்பது இ.எல்.எம்327 சிப்பின் நகல். கனடாவின் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் உருவாக்கியது அது; அந்த நிறுவனம் 2022-இல் மூடப்பட்டது. டப்பாவில் 'வெர்ஷன் 1.5' என்று போட்டிருந்தால் சிரித்துக்கொள்ளலாம். அப்படி ஒரு வெர்ஷனை அவர்கள் வெளியிட்டதே இல்லை.

வாசகர்களுக்கு இரண்டு வேண்டுகோள். எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வேகத்தைக் குறையுங்கள், கூடிய சீக்கிரம் ஓரம் கட்டுங்கள். மிஸ்ஃபயரில் எரியாத பெட்ரோல் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கருக்கிவிடும், அதன் விலை சென்சாரைப்போலப் பல மடங்கு. இரண்டாவது, பட்டறைக்குப் போகும் முன் 'கிளியர்' பட்டனைத் தொடாதீர்கள். கோடு விழுந்த நொடியில் வேகம் என்ன, எஞ்சின் சூடு என்ன என்று பதிந்திருக்கும் ஃபிரீஸ் ஃபிரேமும் அதோடு அழிந்துபோகும். அந்தப் பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.