பழத்தின் பதமும் சமையலின் பதமும்

காலி வீதி வழியே கொள்ளுப்பிட்டிச் சந்தைக்குச் செல்லும் இல்லத்தரசியின் கண்ணைப் பழக்கடையிலே இருவகைப் பழங்கள் கவர்வதுண்டு. ஒன்று, வடக்கிலிருந்து வந்து குவிந்திருக்கும் மாம்பழம். மற்றொன்று, எப்பொழுதாவது கடல் கடந்து வந்து, காகிதத்திற் பொதியப்பட்டுப் பக்குவமாக அடுக்கப்பட்டிருக்கும் பீச்சுப் பழம். பீச்சு விலையுயர்ந்தது, மாம்பழம் நமக்குப் பழகியது. எனினும், இவ்விரண்டையும் வாங்குவோர் ஏமாறுவது ஒரே காரணத்தினாலேதான். நிறத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். வாங்கிய பின்னரே என்ன சமைப்பது என்று யோசிக்கிறார்கள். பழம் எந்தப் பதத்தில் இருக்கிறது என்பதை முதலில் அறிந்துகொண்டால், என்ன சமைக்கலாம் என்பதைப் பழமே சொல்லிவிடும்.

இவ்விரு பழங்களுக்கும் கொழும்பு சொந்த ஊரன்று என்பது வேடிக்கையான உண்மை. பீச்சு மரத்தின் மொட்டு விரிய வேண்டுமானால், அது முதலிற் குளிரிலே உறங்கியெழ வேண்டும். அதன் இனத்துக்கேற்பச் சில நூறு மணி நேரமாவது ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழ்ப்பட்ட குளிர் அதற்கு வேண்டும். கொள்ளுப்பிட்டிக் கடற்காற்றில் அந்தக் குளிருக்கு எங்கே போவது? தென்னிந்தியாவிலே நீலகிரியும் கொடைக்கானலும் போன்ற மலைப்பகுதிகளில், குறைந்த குளிரிற் பூக்கும் இனங்களை வளர்க்கிறார்கள். மாமரத்தின் தேவையோ வேறு. அதற்கு வேண்டியது வறட்சி. மாரிமழை ஓய்ந்து நிலம் காய்ந்த பின்னரே அது நன்றாகப் பூக்கும். பூக்கும் வேளையில் மழை பெய்தாலோ, பூங்கொத்துகளைக் கருக்கும் பங்கசு நோய் வந்துவிடும். மழை மிகுந்த கொழும்பிலும் மாமரங்கள் உண்டு. ஆயினும் யாழ்ப்பாணத்து மாம்பழத்துக்கு இருக்கும் மதிப்பு அவற்றின் பழத்துக்கு இல்லை.

வைகாசி, ஆனி, ஆடி மாதங்களில் யாழ்ப்பாணத்துப் பழம் கொழும்புக்கு வரும். 1956 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் 'யாழ்தேவி' ஓடத் தொடங்கிய பின், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்ந்த உறவினருக்கு ஊரிலிருந்து மாம்பழம் கொண்டு வருவது எளிதாயிற்று. 1990 இல் அந்தப் பாதை தடைப்பட்டது. 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலேதான் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் சென்றது. இடைப்பட்ட அந்த ஆண்டுகளிற் கொழும்பிலே வளர்ந்த பிள்ளைகள் பலருக்குக் கறுத்தக்கொழும்பான் என்பது பெரியவர்கள் சொல்லக் கேட்ட பெயராகவே இருந்தது. யாழ்ப்பாணத்திலே விளையும் பழத்தின் பெயரிற் கொழும்பு ஒட்டிக்கொண்டிருப்பதும் ஒரு விந்தைதான்.

கறுத்தக்கொழும்பானின் பெயரிலேயே ஓர் எச்சரிக்கை இருக்கிறது. அதன் தோல் கரும்பச்சை நிறமானது. பழுத்த பின்னும் ஆங்காங்கே பச்சை நிற்பதுண்டு. உள்ளே சதை செம்மஞ்சளாக இருக்கும். மேனி முழுவதும் மஞ்சளாயிருப்பதே நல்ல பழம் என்று எண்ணுவோர் இதனைத் தள்ளிவிட்டுப் போவார்கள். பீச்சுப் பழத்தின் நிலை இதற்கு நேர் எதிரானது. அதன் கன்னத்திலே படர்ந்திருக்கும் செம்மை, வெயில் பட்ட அடையாளமேயன்றிப் பழுத்த அடையாளமன்று. செம்மை படராத பகுதியை, சிறப்பாகக் காம்பை ஒட்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். அங்கே பச்சை நீங்கி வெண்மையோ மஞ்சளோ வந்திருந்தால், அது மரத்திலே முற்றியது.

இந்த முற்றுதல் எனும் விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மாங்காயும் பீச்சும் பறித்த பின்னரும் கனியக்கூடியவை. ஆயினும், முற்றிய மாங்காய் தன் சதையிலே மாச்சத்தைச் சேமித்து வைத்திருக்கிறது. வீட்டிலே கனியும்பொழுது அந்த மாச்சத்துச் சர்க்கரையாக மாறுகின்றது. ஆகையால் பச்சையாக வாங்கிய காயும் நம் வீட்டிலே இனிப்பாகும். பீச்சுப் பழத்தில் அத்தகைய சேமிப்பு மிகக் குறைவு. வீட்டிலே வைத்தால் அது மெதுவாகும், மணம் பெறும். ஆனால் இனிப்புப் பெரிதாகக் கூடாது. மரம் கொடுத்த இனிப்பே அதன் முழு முதல். எனவே, பீச்சை மணம் பார்த்து வாங்குதல் வேண்டும். மணமில்லாத பீச்சுக்கு அவ்வளவு விலை கொடுப்பது வீண் என்பது என் அபிப்பிராயம்.

மாங்காய் முற்றியதா என்பதை எவ்வாறு அறிவது? காம்பின் இருபுறமும் தோள் போன்ற பகுதி திரண்டு, காம்பு சற்றுக் குழிந்த இடத்தில் அமர்ந்திருக்க வேண்டும். தோள் சரிந்திருந்தால் அது இளங்காய். வீட்டிலே செய்யக்கூடிய சோதனை ஒன்றும் உண்டு: காயை நீரிலே இட்டால், முற்றியது அமிழும், இளங்காய் மிதக்கும். மாச்சத்துச் சேர்ந்து கனத்ததனால் உண்டாகும் விளைவே இது.

இளங்காயைப் பறித்துக் கல்சியம் காபைட்டு இட்டு மஞ்சளாக்கி விற்கும் வழக்கம் நம் நாட்டிலும் அயல்நாட்டிலும் உண்டு. ஈரம் பட்டதும் அந்தக் கல்லிலிருந்து அசெற்றிலீன் வாயு எழுந்து, காயின் தோலை நிறம் மாற்றும். உள்ளே மாச்சத்து இல்லாத காய் எவ்வாறு இனிக்கும்? வெளியே பொன், உள்ளே புளிப்பு. அதனினும் கேடானது, அந்தக் கல்லிலே ஆசனிக்கு, பொசுபரசு ஆகிய நச்சுக்கள் சிறிதளவு கலந்திருப்பது. இந்தியாவிலே 2011 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் இம்முறையைத் தடைசெய்கின்றன. குவியலிலுள்ள பழங்கள் யாவும் ஒரே அச்சிலே வார்த்தாற் போல மஞ்சளாயிருந்து, முகர்ந்தால் மணம் ஏதுமின்றி, அழுத்தினாற் கல்லாயிருந்தால், கடைக்காரர் என்ன சொன்னாலும் நகர்ந்துவிடுங்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பழம் அல்லவா?

முற்றிய காயைப் பழுக்க வைக்க நம் பாட்டிமார் அரிசிப் பானையையும் வைக்கோலையும் நம்பினார்கள். அதன் காரணம் எளிது. கனியும் பழம் எதிலீன் என்னும் வாயுவை வெளிவிடுகின்றது. அவ்வாயுவே பக்கத்திலுள்ள காயையும் கனியச் செய்கிறது. அரிசியும் வைக்கோலும் அதனைச் சிதறாமல் அடைத்து வைக்கின்றன. மாடிவீட்டிலே குடியிருப்போர் காகிதப் பையொன்றில் மாங்காயுடன் பழுத்த வாழைப்பழம் ஒன்றையும் சேர்த்து மூடி வைக்கலாம். பீச்சுக்கும் இதுவே வழி. பழுக்குமுன் இவற்றைக் குளிர்ப்பெட்டியில் வைத்தல் ஆகாது. மாங்காய் குளிரிலே அடிபட்டால் பின்பு சரியாகக் கனியாது. பீச்சோ சாறு வற்றிப் பஞ்சு போலாகிவிடும். கனிந்த பின் ஓரிரு நாள் வைப்பதிற் குற்றமில்லை.

இனி அடுப்படிக்கு வருவோம். இளங்காயின் பயன் புளிப்பு. பழப்புளிக்குப் பதிலாக மீன் குழம்பிலும் பருப்பிலும் அதனை இடலாம். பருப்புடன் தொடக்கத்திலேயே மாங்காயைப் போட்டுவிட்டு, பருப்பு வேகவில்லை என்று அடுப்பைக் குறை சொல்வோர் உண்டு. புளிப்புச் சேர்ந்தாற் பருப்பு மெதுவாகத் தாமதமாகும். பருப்புக் குழைந்த பிறகே மாங்காய்த் துண்டுகளைச் சேர்க்க வேண்டும். காலிமுகத்திடலிலே உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்கும் மாங்காய்க்குச் சமையலே வேண்டுவதில்லை. அது ஒரு தனிச் சுவை.

முற்றிப் பழுக்கத் தொடங்கிய செங்காய்தான் கறிக்குரியது. புளிப்பும் இனிப்பும் சரிபாதியாக இருக்கும் அப்பதத்திலே சமைத்த மாங்காய்க் கறிக்கு இணையில்லை. அரைக் கிலோ மாங்காயைக் கழுவி, விரல் நீளத் துண்டுகளாக வெட்டுங்கள். கொட்டையை எறிய வேண்டாம்; அதிலே ஒட்டிய சதைக்காகப் பிள்ளைகள் போட்டியிடுவார்கள். மண்சட்டியிற் சிறிது எண்ணெய் விட்டு, கடுகு, ஐந்தாறு சின்ன வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய், கறிவேப்பிலை, றம்பை, கறுவாத் துண்டு ஆகியவற்றைத் தாளித்து, மாங்காயையும் உப்பு, மஞ்சள், ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூளையும் இட்டுப் புரட்டுங்கள். ஒரு கோப்பை இரண்டாம் பாலை ஊற்றி, மெல்லிய நெருப்பிலே பத்து நிமிடம் அளவில் வேகவிடுங்கள். பின்பு இரண்டு மேசைக்கரண்டி அளவு பனங்கட்டித் தூளைச் சேர்க்கலாம். கித்துள் கருப்பட்டியும் நன்றாகவே இருக்கும். சீனி எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. முதற்பால் அரைக் கோப்பையை இறுதியாக ஊற்றி, ஒரு கொதி தலைகாட்டியதும் இறக்கிவிடுங்கள். புளிப்புள்ள கறியிலே முதற்பால் கொதித்தாற் திரிந்துவிடும் என்பதை மறக்கலாகாது.

பீச்சுப் பழம் கல்லாக இருந்து, எத்தனை நாள் வைத்தும் மணம் பெறாவிட்டால் வருந்த வேண்டாம். மாங்காய்ச் சட்னி செய்வது போலவே, வினாகிரி, சீனி, இஞ்சி, உள்ளி, மிளகாய் சேர்த்துக் கிளறிப் போத்தலில் அடைத்துவிடலாம். புளிப்புச் சேர்ந்த எதனையும் அலுமினியப் பாத்திரத்திற் காய்ச்சுதல் கூடாது. எனாமற் பாத்திரமோ துருப்பிடியாத உருக்குப் பாத்திரமோ ஏற்றது.

நன்றாகக் கனிந்த பழத்துக்கு நெருப்புப் பகை. மாம்பழத்தின் மணம் ஆவியாகப் பறந்துபோகும் இயல்புடையது. பாயசத்துடன் சேர்த்துக் கொதிக்கவிட்டால் வீடு மணக்கும், பாயசம் மணக்காது. சவ்வரிசியையும் தேங்காய்ப்பாலையும் முதலிலே காய்ச்சி ஆறவிட்டு, பரிமாறும் வேளையிலே மசித்த பழத்தைக் கலக்க வேண்டும். நாரும் புளிப்பும் மிகுந்த சிறு பழங்கள் கிடைத்தால், மலையாள நாட்டார் செய்வது போலத் தயிரும் அரைத்த தேங்காயும் சேர்த்துப் புளிசேரி வைக்கலாம்.

விருந்துகளிலே கசுட்டேட்டுடன் வைக்கும் தகரப் பீச்சு ஏற்கெனவே வெந்தது; அதனை மீண்டும் அடுப்பேற்றுவதிற் பயனில்லை. புதிய பீச்சோ மாம்பழத்தைவிட நெருப்பைத் தாங்கக்கூடியது. கொதிநீரிலே அரை நிமிடம் அமிழ்த்தி உடனே குளிர்நீரில் இட்டால், தோல் உரிந்து வந்துவிடும். பின்பு சீனிப்பாகிலே மெல்ல வேகவைக்கலாம். இலண்டன் சவோய் விடுதியிலே எசுகோபியே என்னும் பிரெஞ்சுச் சமையற்கலைஞர், நெல்லி மெல்பா என்னும் பாடகிக்காக 1890களில் ஆக்கிய 'பீச்சு மெல்பா' என்னும் புகழ்பெற்ற இனிப்பில், இவ்வாறு வெந்த பீச்சுடன் வனிலா ஐஸ்கிறீம் சேர்கின்றது. அதே முறையைக் கனிந்த மாம்பழத்துக்குக் கையாண்டாற் கூழ்தான் மிஞ்சும். மாம்பழத்தைப் பச்சையாகவே சீவி ஐஸ்கிறீமுடன் வையுங்கள். வெட்டிய பீச்சு விரைவிலே கறுக்குமாதலால் சிறிது தேசிக்காய்ச் சாறு தெளித்துவிட வேண்டும்.

இன்னும் ஒன்று. மாங்காய்ப் பால் பட்டாற் சிலருக்குத் தோல் புண்ணாகும். மாமரமும் மரமுந்திரியும் ஒரே குடும்பம் என்பதே காரணம். காம்பை ஒடித்ததும் காயைக் கவிழ்த்து வைத்துப் பால் முழுவதும் வடிந்த பின் கழுவுங்கள். பீச்சின் கொட்டையை உடைத்துப் பருப்பைப் பிள்ளைகள் தின்னாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அது வாதுமைப் பருப்பைப் போலத் தோன்றினாலும், உடலினுள்ளே சயனைட்டு நஞ்சை உண்டாக்கக்கூடியது. பழத்தை அறுத்தவுடன் அந்தக் கொட்டையை எடுத்துக் குப்பையில் இட்டுவிடுங்கள்.