டிவிடியில் வரும் 'எக்ஸ்ட்ரா' சமாச்சாரம்: காசுக்கு தகுமா, வேஸ்ட்டா? குணா குகை சொல்லும் பாடம்!

வடகவுஞ்சி:

படம் முடிந்தது. வணக்கம் போட்டாச்சு. ஆனால் டிஸ்க் இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு. மெனுவுக்கு திரும்பப் போனால் 'ஸ்பெஷல் ஃபீச்சர்ஸ்' என்று ஒரு வரி. அதை ஒரு தடவையாவது அமுக்கிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? கையை உயர்த்தச் சொன்னால் பத்துக்கு ஒருத்தர் தேறுவது சந்தேகம் தான்.

பழனியில் இருந்து கொடைக்கானல் ஏறும் ரோட்டில் இருக்கிறது வடகவுஞ்சி. வாழை, காபி, மிளகு என்று தோட்ட வேலை பார்க்கும் ஊர். சாயங்காலம் பனி இறங்கினால் எல்லோரும் வீட்டுக்குள் தான். ஒரு காலத்தில் இந்த மலையில் டிவிடி பிளேயர் இல்லாத வீடு குறைவு. இப்போது பிளேயர் பரண் மேல் கிடக்கிறது. டிஸ்க் எல்லாம் அட்டைப் பெட்டியில். "அதை எடைக்குப் போடலாமா, வச்சிருக்கலாமா?" என்று டீக்கடையில் ஒருத்தர் கேட்டார். பக்கத்தில் இருந்தவர், "படம் தான் போன்லயே வருதே, அப்புறம் டிஸ்க் எதுக்கு?" என்றார். நியாயமான கேள்வி. பதில், அந்த டிஸ்க்கில் படத்தைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

எக்ஸ்ட்ரா என்றால் என்ன?

டிவிடி முதலில் ஜப்பானில் 1996 நவம்பரில் விற்பனைக்கு வந்தது. 1997-ல் அமெரிக்கா. வீடியோ கேசட்டில் படம் மட்டும் தான் இருக்கும். டிவிடியில் மெனு உண்டு, இடம் உண்டு. அந்த இடத்தில் கூடுதலாக சிலவற்றைச் சேர்த்தார்கள். படம் எப்படி எடுக்கப்பட்டது என்று காட்டும் 'மேக்கிங்', வெட்டி எறிந்த காட்சிகள், டிரெய்லர், பேட்டி, போட்டோ, அப்புறம் 'கமென்டரி'. கமென்டரி என்றால் கிரிக்கெட் வர்ணனை மாதிரி. படம் ஓடிக்கொண்டே இருக்கும், பின்னால் டைரக்டரோ கேமராமேனோ அந்தக் காட்சியைப் பற்றி பேசிக்கொண்டே வருவார்.

இந்த கமென்டரி சமாச்சாரம் டிவிடிக்கும் முந்தியது. 1984-ல் அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் 1933-ம் வருடத்து 'கிங் காங்' படத்தை லேசர் டிஸ்க்கில் வெளியிட்டது. அதில் ரொனால்ட் ஹேவர் என்ற சினிமா ஆவணக் காப்பாளர், படம் ஓட ஓட விளக்கம் சொன்னார். அது தான் தொடக்கம்.

உச்சம் என்று பார்த்தால் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்'. 2002-ல் அதன் முதல் பாகம் நீட்டிக்கப்பட்ட பதிப்பாக 4 டிஸ்க்கில் வந்தது. 2 டிஸ்க்கில் படம், மீதி 2 டிஸ்க் முழுக்க படம் எடுத்த கதை. கவசம் செய்த ஆள், பொம்மை ஊர் கட்டிய ஆள் என்று திரைக்குப் பின்னால் உழைத்தவர்களை எல்லாம் பேச விட்டிருந்தார்கள்.

நம்ம தமிழ் டிஸ்க்கில் ஏன் இல்லை?

இதற்கு காரணங்கள் தெளிவானவை.

முதலாவது, இடம். சாதாரண டிவிடியில் 4.7 ஜிபி தான் கொள்ளும். நம்ம படம் இரண்டரை மணி நேரம், மூணு மணி நேரம். படமே டிஸ்க்கை நிரப்பிவிடும். எக்ஸ்ட்ரா வேண்டும் என்றால் 8.5 ஜிபி கொள்ளும் இரட்டை அடுக்கு டிஸ்க் போட வேண்டும், அல்லது இரண்டாவது டிஸ்க் வைக்க வேண்டும். செலவு.

இரண்டாவது, விலை. 2007-ல் மோசர் பேர் நிறுவனம் விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று இறக்கியது. ஜனங்களுக்கு அது வரப்பிரசாதம். கடையில் ஒரிஜினல் டிஸ்க் ஒரு சாப்பாட்டு விலைக்கு கிடைத்தது. ஆனால் 34 ரூபாய்க்கு விற்கும் டிஸ்க்கில் மேக்கிங் எடுத்து, எடிட் செய்து, கமென்டரி பதிவு செய்து சேர்க்க யாருக்குக் கட்டும்?

மூன்றாவது, திருட்டு டிஸ்க். ஒரே டிஸ்க்கில் மூணு படம், அஞ்சு படம் என்று திணித்து விற்றார்கள். அதில் எக்ஸ்ட்ரா இருக்காது, படமே புள்ளி புள்ளியாகத் தான் தெரியும். 2004-ல் தமிழக அரசு திருட்டு வீடியோ ஆசாமிகளை குண்டர் சட்டத்தில் சேர்த்தது. அப்படியும் முழுசாக நிற்கவில்லை.

நான்காவது, டிவி. மேக்கிங், பேட்டி, கலாட்டா எல்லாம் பொங்கல், தீபாவளி சிறப்பு நிகழ்ச்சிக்கு போய்விடும். டிஸ்க்குக்கு மிச்சம் என்ன இருக்கும்? டிரெய்லரும், 'பாடல்கள் மட்டும்' என்ற ஒரு மெனுவும் தான்.

2015-ல் டைரக்டர் சேரன் சி2எச் திட்டத்தில் 'ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை' படத்தை நேரடியாக 50 ரூபாய் டிவிடியாக வீட்டுக்கே கொண்டு வந்தார். ஒரிஜினல் டிஸ்க்கை ஜனங்களிடம் சேர்க்க நடந்த பெரிய முயற்சி அது. ஆனால் அதற்குள் செல்போன் வந்து விட்டது. மோசர் பேர் நிறுவனத்தையே 2018-ல் கலைக்க உத்தரவானது.

குணா குகைக்கு வருவோம்

சரி, மேக்கிங் பார்க்காமல் போனால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். அதற்கு பதில் நம்ம மலையிலேயே இருக்கிறது.

வடகவுஞ்சியில் இருந்து பெருமாள்மலை வழியாக கொடைக்கானல் போய், தூண் பாறை ரோட்டைப் பிடித்தால் குணா குகை. வெள்ளைக்காரன் வைத்த பெயர் 'டெவில்ஸ் கிச்சன்'. அதாவது பேயின் அடுப்படி. 1991 தீபாவளிக்கு சந்தான பாரதி டைரக்ஷனில் கமல் நடித்த 'குணா' வந்தது. குகைக்கு அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

'குணா'வை நிஜ குகையிலேயே எடுத்தார்கள். கேமரா, லைட், ஆள் எல்லாம் உள்ளே இறங்க வேண்டும். அது எப்படி நடந்தது, எத்தனை பேர் மேலே நின்று காவல் காத்தார்கள், எந்த இடத்தில் கால் வைக்கக் கூடாது என்று சொன்னார்கள் என்பது படத்தில் தெரியாது. தெரியவும் கூடாது, அது தானே சினிமா. ஆனால் பார்த்துவிட்டு வருகிற வாலிபனுக்கு என்ன தோன்றுகிறது? "கமல் இறங்கினார், நாம இறங்கினா என்ன?"

படத்தில் கயிறு தெரியாது. மேக்கிங்கில் தான் கயிறு தெரியும்.

இந்த ஒரு வித்தியாசத்துக்கு என்ன விலை என்று 2006-ல் பார்த்தோம். எர்ணாகுளம் பக்கம் மஞ்ஞும்மல் என்ற ஊரில் இருந்து வந்த நண்பர்கள் கூட்டத்தில் ஒருவர் குகைப் பள்ளத்தில் விழுந்தார். இன்னொரு நண்பர் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி அவரை உயிரோடு மேலே கொண்டு வந்தார். அந்த வீரச் செயலுக்கு மத்திய அரசின் ஜீவன் ரக்ஷா பதக்கம் கிடைத்தது. அவர் பிழைத்தார். அதற்கு முன்னால் உள்ளே போனவர்கள் எல்லோரும் பிழைக்கவில்லை என்பது கொடைக்கானலில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அந்தச் சம்பவம் தான் 2024 பிப்ரவரி 22-ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்று மலையாளப் படமாக வந்தது. டைரக்டர் சிதம்பரம். தமிழ்நாட்டிலும் சக்கைப் போடு போட்டது. குணா குகையைப் பார்க்க கூட்டம் மறுபடி அலைமோதியது.

அந்தப் பள்ளம் இங்கே இல்லை!

படத்தில் பார்த்து மூச்சு நின்றதே, அந்த ஆழப் பள்ளம், அது கொடைக்கானலில் எடுத்தது இல்லை. கேரளாவில் பெரும்பாவூரில் ஒரு குடோனுக்குள் போட்ட செட். ஆர்ட் டைரக்டர் அஜயன் சாலிசேரி கைவண்ணம். கேமராமேன் ஷைஜு காலித். வெளியே தெரியும் காட்சிகள் பலவற்றை கொடைக்கானலில் எடுத்தார்கள். பள்ளத்துக்குள் நடப்பது குடோனில்.

இது எப்படி ஜனங்களுக்கு தெரிந்தது? படத்தைப் பார்த்து இல்லை. பிறகு வந்த மேக்கிங் காட்சிகளும் பேட்டிகளும் தான் சொல்லின. நிஜ குகையில் நடிகர்களை அப்படி இறக்கி எடுப்பது நடக்காத காரியம் என்று படம் எடுத்தவர்களே முடிவு செய்து செட் போட்டிருக்கிறார்கள். லைட்டும் டாக்டரும் ஆளும் படையும் வைத்திருக்கிறவர்களே இறங்காத இடத்தில், செல்ஃபிக்காக வேலி தாண்டலாமா? பத்து 'எச்சரிக்கை' போர்டு சொல்லாததை அஞ்சு நிமிஷ மேக்கிங் சொல்லிவிடும்.

அதே 2024-ல் தான் கமலும் சந்தான பாரதியும் அந்த மலையாளப் படக் குழுவைச் சந்தித்து 'குணா' எடுத்த கதையைப் பேசினார்கள். படம் வந்து 33 வருடம் கழித்து! அந்தக் கதையை அப்போதே பதிவு செய்து டிஸ்க்கில் கொடுத்திருந்தால் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

ஊரே பதிவாகும்

இன்னொரு லாபமும் உண்டு. ஷூட்டிங் நடந்த ஊர், அந்த ஊர் ஜனங்கள், அன்றைய ரோடு, வீடு எல்லாம் மேக்கிங்கில் பதிவாகிவிடும்.

'லகான்' படத்தை 2000-ல் குஜராத் புஜ் நகரம் பக்கம் கட்ச் பகுதியில் எடுத்தார்கள். சுற்று வட்டார கிராமத்து ஜனங்களே நடித்தார்கள். 2001 ஜனவரி 26-ல் பூகம்பம். புஜ் நிலைகுலைந்தது. படம் எடுத்த கதையை சத்யஜித் பட்கல் 'சலே சலோ' என்ற தனி டாக்குமென்டரியாக எடுத்தார். அது பிறகு டிவிடியாக வந்தது. பூகம்பத்துக்கு முந்தைய அந்த நாட்களும் முகங்களும் அதில் இருக்கின்றன. அது எக்ஸ்ட்ரா இல்லை, சொத்து.

சத்யஜித் ரேயின் அப்பு படங்கள் மூன்றின் ஒரிஜினல் நெகட்டிவ் 1993-ல் லண்டனில் நடந்த தீ விபத்தில் கருகியது. அதை எப்படி மீட்டார்கள் என்பதையும் 2015-ல் வந்த டிஸ்க் தொகுப்பில் சேர்த்தார்கள். பார்த்தால் நெகட்டிவை கையில் தொடவே பயம் வரும்.

எதை வாங்கலாம்? எதை விடலாம்?

மேக்கிங்: ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் தாராளமாக வாங்கலாம். அஞ்சு நிமிஷம் என்றால் அது விளம்பரம். "சார் ரொம்ப ஸ்வீட், மேடம் ரொம்ப ஸ்வீட்" என்பதைக் கேட்க காசு எதுக்கு?

கமென்டரி: டைரக்டர், கேமராமேன், எடிட்டர் பேசினால் கேட்கலாம். சினிமா கனவோடு இருக்கும் பையன்களுக்கு இது பாதி பாடசாலை. மற்றவர்களுக்கு அரை மணி நேரத்தில் தூக்கம் வரும்.

வெட்டிய காட்சிகள்: பெரும்பாலும் வெட்டியது சரி தான் என்று தோன்றும். ஒரு தடவை பார்க்கலாம்.

டிரெய்லர், போட்டோ: இதற்காக ஒரு ரூபாய் கூட கூடுதலாக தர வேண்டாம்.

டிஸ்க் வாங்கும் முன் பின் அட்டையைத் திருப்பிப் பாருங்க. எக்ஸ்ட்ரா எத்தனை நிமிஷம் என்று போட்டிருக்கா? 2 டிஸ்க்கா, ஒன்றா? வெளிநாட்டு டிஸ்க் என்றால் ரீஜன் நம்பர் பார்க்கணும். நம்ம நாடு ரீஜன் 5. அமெரிக்க டிஸ்க் ரீஜன் 1. எல்லா ரீஜனும் ஓட்டும் பிளேயர் இல்லை என்றால் காசு தண்டம்.

எடைக்கு போடாதீங்க

எல்லாம் தான் யூடியூபில் வருதே என்று சொல்லலாம். வருகிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் போட்டவர் எடுத்துவிட்டால் போச்சு. ஓடிடியில் படம் இருக்கும், கமென்டரி பெரும்பாலும் இருக்காது. உரிமை முடிந்தால் படமே காணாமல் போகும். தபாலில் டிஸ்க் அனுப்பியே பெரிய ஆளான நெட்ஃபிளிக்ஸ், 2023 செப்டம்பரில் அந்த டிஸ்க் வேலையையே மூடிவிட்டது. புது டிஸ்க் வருவது குறையக் குறைய, இருக்கிற டிஸ்க்குக்கு மதிப்பு கூடும்.

மலை ஊர்க்காரர்களுக்கு ஒரு முக்கிய குறிப்பு. பனி ஈரத்தில் டிஸ்க் பூஞ்சை பிடிக்கும். ஓரத்தைப் பிடித்து எடுங்க. மெல்லிய பருத்தித் துணியால் நடுவில் இருந்து வெளிப்பக்கமாக நேராகத் துடைங்க. வட்டமாகத் துடைத்தால் கீறல் விழுந்து பாட்டு திக்கும். வெயிலில் காய வைக்கவே கூடாது.

ஆக, முடிவு இது தான். படத்துக்காக மட்டும் டிஸ்க் வாங்கிய காலம் முடிந்தது. படம் எடுத்த கதை முழுசாக இருந்தால் அந்த டிஸ்க் காசுக்கு தகும். இல்லை என்றால் வேண்டாம்.

டீக்கடைக்காரர்களுக்கும் இதைச் சொன்னோம். எடைக்குப் போடலாமா என்று கேட்டவர், "அப்ப பெட்டியை இறக்கி ஒவ்வொண்ணா போட்டுப் பார்த்துட்டு தான் முடிவு பண்ணணும்" என்றார். நீங்களும் இந்த ஞாயிற்றுக்கிழமை பரணில் இருந்து பிளேயரை இறக்குங்க. லீவுக்கு குணா குகைக்கு கிளம்பும் பையன் வீட்டில் இருந்தால், மேக்கிங்கை அவனுக்கு முதலில் போட்டுக் காட்டுங்க. கயிறு எங்கே கட்டியிருக்கிறார்கள் என்று அவனே பார்க்கட்டும்!