இன்வெர்ட்டர் வந்திறங்கும் நாளில்

கேரளத்தின் முதல் நீர்மின் நிலையமான பள்ளிவாசல், 1940இல் இயங்கத் தொடங்கியது இடுக்கி மலையில்தான். ஆயினும் ஆடிக் காற்றில் மரமொன்று கம்பியின்மீது சாய்ந்துவிட்டால், அதே மலையின் தோட்டக் குடியிருப்புகள் இருளில் மூழ்கிவிடுகின்றன. பாலக்காட்டு எல்லையில் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம், கோடையில் மின்விசிறி நின்றால் இரவுத் தூக்கம் போயிற்று. இன்வெர்ட்டர் வாங்கச் சேமிப்பிலிருந்து பணம் எடுக்க வரும் வாடிக்கையாளர்களை எல்லைக் கிளைகளில் நாங்கள் அடிக்கடி சந்திக்கிறோம். எந்த நிறுவனத்துப் பொருள் நல்லது என்று பலரும் வினவுகின்றனர். அதை வீட்டில் எங்கே வைப்பது என்று வினவுவோர் அரிது. பெட்டியைப் பிரிக்குமுன் முடிவு செய்ய வேண்டியது அதுவே. ஏனெனில் ஒருமுறை இறக்கிவைத்த பேட்டரியை மறுபடி நகர்த்த எவருக்கும் மனம் வராது.

வீடுகளில் பெரிதும் பயன்படும் 150 ஆம்பியர்-மணி குழாய்வகை பேட்டரி, அமிலம் நிரம்பிய நிலையில் 50 கிலோ அரிசி மூட்டையைவிடக் கனமானது. மூட்டையைத் தோளில் சாய்த்துக்கொள்ளலாம். இதைச் சாய்த்தால் கந்தக அமிலம் வழியும். மலைப்பாதையில் ஜீப்பில் ஏற்றும்போது நிமிர்த்தி வைத்துக் கயிற்றால் கட்டுவதும், அதன்மேல் இரும்புப் பொருள் எதையும் வைக்காதிருப்பதும் இன்றியமையாதவை. வீட்டுக்குள் கொண்டுசெல்ல இருவர் வேண்டும். பக்கவாட்டுக் கைப்பிடிகளைப் பிடித்தே தூக்க வேண்டும்.

அட்டைப்பெட்டியின் அடிப்பகுதி ஈரமாக இருந்தால் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பமிடாதீர்கள். வழியில் அமிலம் சிந்தியிருக்கலாம். அதைக் காய்ச்சி வடித்த நீரால் ஈடுசெய்ய முடியாது, விற்பனையாளரே சரிசெய்து தர வேண்டும். பேட்டரியில் பொறித்துள்ள வரிசை எண், பில்லிலும் உத்தரவாத அட்டையிலும் அவ்வாறே உள்ளதா என்பதை அங்கேயே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். எண்களை ஒப்பிடும் எங்கள் தொழிற்பழக்கம் பயன்படும் இடம் இது. அமிலம் தோலில் பட்டால் ஓடும் நீரில் கால்மணி நேரமேனும் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் அவ்வாறு கழுவியவுடன் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தரையில் சிந்தியதன்மீது சமையல் சோடாவைத் தூவலாம்.

பன்னிரண்டு வோல்ட் என்ன செய்துவிடும் என்று நாங்களும் எண்ணியிருந்தோம். கிளை ஒன்றை மாடிக்கு மாற்றிய நாளில், எங்களுள் ஒருவரின் கைக்கடிகார உலோகப்பட்டை, நெருங்கி நின்ற இரு பேட்டரிகளின் முனைகளுக்கு இடையே பட்டுவிட்டது. மின்னதிர்ச்சி இல்லை. பட்டைதான் கணப்பொழுதில் கொதித்தது. மணிக்கட்டில் அதன் தழும்பு இன்றும் இருக்கிறது. மோதிரம், வளையல், கழுத்துச் சங்கிலி அனைத்தையும் கழற்றிவைத்த பின்னரே அருகில் செல்லுங்கள். இணைக்கும்போது சிவப்பு நேர்முனை முதலில். கழற்றும்போது கறுப்பு எதிர்முனை முதலில்.

இனி, இடம். மின்னேற்றத்தின்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறுகிறது. காற்றில் அது 4 விழுக்காடு கலந்தாலே தீப்பொறியில் வெடிக்கக்கூடும். அது மேலெழும் வாயுவாதலால் அறையின் மேற்பகுதியில் காற்றுப்போக்கி வேண்டும். பூஜை விளக்கின் அருகும் சமையலறையும் கூடா. படிக்கட்டின் அடியில் கதவிட்ட அலமாரியும் கூடாது. இடம் குறுகிய லயன் வீடுகளில் பரணில் ஏற்றிவைக்கும் எண்ணம் எழுவது இயல்பே. அத்தனை எடை தலைக்குமேல் இருப்பதைவிட, சுவரோரம் தரையில் சக்கரத் தாங்கியின்மீது இருப்பது மேல். நீர்மட்டம் காட்டும் மிதவையைக் குனிந்து பார்க்கவும் முடியும்.

இன்வெர்ட்டரைப் பேட்டரிக்கு நேர்மேலே வைத்தால் அமில ஆவி அதன் உட்பாகங்களை அரிக்கும். அடுத்த அறையில் வைப்பதும் சரியன்று. 600 வாட் சுமைக்கு வீட்டுக் கம்பியில் 230 வோல்ட்டில் 3 ஆம்பியருக்கும் குறைவாகவே மின்சாரம் ஓடுகிறது. அதே சுமைக்குப் பேட்டரிக் கம்பியிலோ 50 ஆம்பியர். கம்பி நீண்டால் அது சூடாகி, மின்னாற்றல் வீணாகும். ஆகவே பக்கத்தில், சற்றுத் தள்ளி. கம்பியைத் தாமாக நீட்டித்துக்கொள்ள வேண்டாம்.

ஒரே பேட்டரி இரு மாவட்டங்களிலும் ஒரேபோல் உழைப்பதில்லை. 25 டிகிரி செல்சியசுக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இத்துறையில் வழங்கும் கணக்கு. பாலக்காட்டின் கோடையில் மேற்குச் சுவரோரம் வைத்த பேட்டரி விரைவில் தளர்வது இதனால்தான். வீட்டின் வடபுறம், வெயில் படாத சுவரைத் தேடுங்கள். மூணாற்றின் சனவரிக் குளிரிலோ பேட்டரியின் கொள்ளளவு தற்காலிகமாகக் குறைகிறது. விளக்கு முன்னதாக அணைந்தால் பழுது என்று கருதிவிட வேண்டாம். அங்கே ஈரமே பெருந்தொல்லை. முனைகளில் பூக்கும் வெள்ளைப் படிவைத் துடைத்து பெட்ரோலியம் ஜெல்லி தடவினால் போதும்.

பழைய பேட்டரி இருந்தால் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதன் ஈயத்துக்கு விலையுண்டு. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளும் அதைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது வைத்துள்ளன. புதியதை விலைபேசும்போதே பழையதற்குரிய தொகையைக் கழித்து, அதை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.