செக்ரோலில் பெயர் ஏறினால்தான் மறுவாழ்வு
பதுளைச் சிறையிலிருந்து தோட்டத்துக்குத் திரும்புகிறவருக்கு யார் உதவுகிறார்கள், எங்கே அந்த உதவி நின்றுவிடுகிறது?

கசிப்பு எனும் கள்ளச்சாராய வழக்கில் அகப்பட்ட ஒரு தோட்டத் தொழிலாளிக்கு நீதிமன்றம் 10,000 ரூபா தண்டப்பணம் விதிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் இது ஏறக்குறைய ஏழரை நாள் 'பேர்', அதாவது முழு நாட்சம்பளம். ஊழியர் சேமலாப நிதி, சந்தா, முற்பணம் என்று கழிபட்டது போக மிஞ்சுகிற சம்பளத்தில் ஏழரை நாள் உழைப்பை ஒரேயடியாக எடுத்து வைக்க லயத்தில் எத்தனை வீட்டால் முடியும்? வைக்க முடியாதவர் மறியலுக்குப் போகிறார். குற்றத்துக்குத் தண்டனை பணம்தான்; பணமில்லை என்பதற்குத் தண்டனை சிறை.

இலங்கையில் தண்டனை பெற்று ஆண்டுதோறும் சிறைக்குள் அனுப்பப்படுவோரில் அரைவாசிக்கும் மேற்பட்டோர் இப்படித் தண்டப்பணம் கட்ட முடியாமல் போனவர்கள். இதை சிறைச்சாலைகள் திணைக்களத்தின் புள்ளிவிபரங்களே காட்டுகின்றன. இன்னொரு பெரிய கூட்டம் விளக்கமறியலில் இருக்கிறது. குற்றவாளி என்று இன்னும் தீர்ப்பாகாதவர்கள் அவர்கள். நாட்டின் சிறைகளில் இருக்கும் இடத்தைப் போல இரு மடங்குக்கும் அதிகமானோர் அடைபட்டிருப்பதற்கு இவ்விரண்டும் முக்கிய காரணங்கள். ஆகவே கைதிகளின் மறுவாழ்வு என்று பேசும்போது கொலைகாரரையும் கொள்ளைக்காரரையும் மட்டும் மனதில் வைத்தால் கணக்குப் பிழைக்கும். சிறைவாசலைத் தாண்டுகிறவர்களில் பெரும்பாலானோர் சில வாரங்களில், சில மாதங்களில் வீடு திரும்புகிறவர்கள்.

தோட்டத்துக்கும் சிறைக்கும் பழைய உறவு

மலையகத்தில் சிறைப் பயத்துக்கு நூற்றாண்டு கடந்த வேர் உண்டு. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிலாளர் கட்டளைச் சட்டப்படி, முன்னறிவித்தல் இல்லாமல் தோட்டத்தை விட்டுப் போவதே குற்றம். அதற்கு மூன்று மாதம் வரை சிறை. மற்ற ஒப்பந்தங்களில் பணத்தோடு தீரும் பிணக்கு, தோட்டத் தொழிலாளிக்குக் கைவிலங்கில் முடிந்தது. 1920களின் தொடக்கத்தில்தான் அந்தத் தண்டனைப் பிரிவுகளும், தொழிலாளியின் கடனை எழுதி அதைக் கட்டினால்தான் வேறு தோட்டத்துக்கு விடும் துண்டு முறையும் ஒழிந்தன. சட்டம் போனது, ஆனால் பொலிசையும் கோர்ட்டையும் தோட்டத்தை நடத்தும் துரையின் நீண்ட கையாகப் பார்த்த பழக்கம் லேசில் போகவில்லை. வழக்கு என்றதும் வாதாடாமல் ‘குற்றத்தை ஒத்துக்கொண்டு கட்டிவிட்டு வந்துவிடலாம்’ என்று சொல்லும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

மொழி அடுத்த சுவர். பதுளை மாவட்டத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் தமிழர். ஆனால் வடக்கு, கிழக்குக்கு வெளியே நீதிமன்ற மொழி சிங்களம். வழக்கு புரியாதவர் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம் என்கிறது அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை. கேட்கலாம் என்பது தெரிந்தால்தானே கேட்பது? தண்டப்பணத்தைத் தவணையில் கட்ட அனுமதி கோரலாம் என்பதும் பலருக்குத் தெரியாது.

உள்ளே என்ன கிடைக்கிறது?

பதுளை நகரில் சிறைச்சாலை இருக்கிறது. மஹியங்கனைப் பக்கமாகப் போனால் தல்தெனவில் இளங்குற்றவாளிகளுக்கான சீர்திருத்த நிலையம். 1939ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கப் பயிற்சிப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், இளைஞரைப் பெரியவர்களோடு சேர்த்து அடைக்காமல் தொழில் பழக்கி அனுப்ப வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்தது. தல்தென போன்ற நிலையங்களின் அடிப்படையும் அதுதான்.

தச்சு, மேசன் வேலை, பேக்கரி, தையல், விவசாயம் என்று சிறைகளில் பலவகை வேலைகள் பழக்கப்படுகின்றன. நன்னடத்தைக்குத் தண்டனைக் குறைப்பு, வீட்டு விடுமுறை, அனுமதிப்பத்திரத்தில் முன்கூட்டியே விடுதலை ஆகிய ஏற்பாடுகளும் உண்டு. வெலிக்கடைச் சிறையின் மதிலில் ‘சிறைக்கைதிகளும் மனிதர்களே’ என்று எழுதியிருப்பதை கொழும்புக்குப் போனவர்கள் கண்டிருப்பார்கள். ஆனால் உள்ளே உழைக்கும் கைதியின் நாட்கூலி சில ரூபாய்தான். இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு 2020 டிசம்பரில் வெளியிட்ட சிறைச்சாலை ஆய்வு, நெரிசலையும் இந்த அற்பக் கூலியையும் தமிழ் பேசும் கைதிகள் படும் மொழிச் சிரமத்தையும் விரிவாகப் பதிவு செய்தது. அது வெளிவருவதற்குச் சற்று முன், அந்த நவம்பர் 29ஆம் திகதி மஹர சிறைக் கலவரத்தில் 11 கைதிகள் உயிரிழந்திருந்தார்கள்.

தொழிற்பயிற்சியில் ஓர் அடிப்படைப் பொருத்தமின்மையும் உண்டு. பயிற்சிகள் நீண்ட தண்டனைக்காரருக்கு ஏற்றவை. மூன்று மாதம் இருக்க வந்தவர் உளியைப் பிடிக்கப் பழகுவதற்குள் விடுதலைச் சீட்டு வந்துவிடும். அவருக்கு வேண்டியது புதுத் தொழில் அல்ல, விட்டுவந்த தொழில்.

உதவிக்கு வருகிறவர்கள்

சிறைக்குள் போய்வரும் அமைப்புகளை மூன்று வகையாகப் பார்க்கலாம்.

முதலாவது, திணைக்களத்தோடு ஒட்டி இயங்கும் சிறைக்கைதிகள் நலன்புரிச் சங்கம். வெளியே போகிறவருக்குத் தொழிற்கருவி, சிறு உதவித்தொகை, குடும்பத்துக்கு ஆதரவு ஆகியவை இதன் வேலை. ஆண்டுதோறும் செப்டெம்பர் 12 தேசிய சிறைக்கைதிகள் தினம். அன்று உறவினர் வீட்டுச் சாப்பாடும் பலகாரமும் கொண்டுவரலாம்.

இரண்டாவது, சமய அமைப்புகள். விகாரைகள், கோயில்கள், பள்ளிவாசல்கள், திருச்சபைகள் என எல்லாத் தரப்பும் வருகின்றன. கத்தோலிக்கத் திருச்சபையின் கரித்தாஸ் அமைப்பு ஒருபுறம், பல நாடுகளில் கிளை பரப்பிய ‘பிரிசன் ஃபெலோஷிப்’ அமைப்பின் இலங்கைக் கிளை மறுபுறம். பிரிசன் ஃபெலோஷிப்பின் வரலாறு சுவையானது. அமெரிக்க ஜனாதிபதி நிக்சனின் உதவியாளராக இருந்து, வாட்டர்கேட் விவகாரத்தில் 1974இல் சிறைக்குப் போன சார்லஸ் கோல்சன் வெளியே வந்து 1976இல் தொடங்கியது அது. கைதிகளின் பிள்ளைகளுக்கு நத்தார் பரிசு கொடுக்கும் அதன் திட்டத்தை 1982இல் ஆரம்பித்தவர் மேரி கே பியர்ட், அவரும் முன்னாள் கைதி. சிறையை அறிந்தவரே சிறைக்கு உதவ வருவது இந்தத் துறையில் அடிக்கடி காணும் விஷயம். உதவியோடு சமயமும் சேர்ந்து வருகிறதோ என்ற சந்தேகம் மலையகத்தில் உண்டு. அதைத் தீர்க்க ஒரே வழி, உதவிக்கு நிபந்தனை இல்லை என்பதை நடைமுறையில் காட்டுவதுதான்.

மூன்றாவது, சட்ட உதவி. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு அரச நிறுவனம். வசதியற்றவருக்கு இலவசமாக வாதாடுகிறது. சட்டத்தரணி சேனக பெரேரா முன்னின்று நடத்தும் கைதிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் குழு, சிறைக்குள் நடப்பதை வெளியே கொண்டுவரும் வேலையைச் செய்கிறது. சர்வதேச செஞ்சிலுவைக் குழு 1989 முதல் இலங்கையில் தடுப்பிலுள்ளோரைச் சந்தித்து வருகிறது.

இவர்கள் எல்லோரும் கொழும்பையும் பெரிய நகரங்களையும் மையமாகக் கொண்டவர்கள். பதுளையிலிருந்து மடுல்சீமைக்கோ லுணுகலைக்கோ ஹப்புத்தளை மேட்டுத் தோட்டங்களுக்கோ அந்தக் கை நீள்வது அரிது.

வீட்டுக்கு எவ்வளவு செலவு?

கணவர் விளக்கமறியலில். மனைவி மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவர். பார்க்கப் போகும் நாளில் பெரட்டுக்கு, அதாவது காலைப் பேர்பதிவுக்கு, போக முடியாது, அன்றைய பேர் போயிற்று. பசறை வழியாகப் பதுளைக்கு பஸ். கையில் சவர்க்காரம், பற்பசை, செருப்பு, ஒரு பார்சல் சோறு. அடையாள அட்டை மறந்தால் வாசலோடு திரும்ப வேண்டும். பெயர் பதிந்து, பொருட்களைப் பரிசோதித்து, முறை வரும்வரை காத்திருந்து, சில நிமிடப் பேச்சு. பின்னேரம் லயத்துக்கு வந்து சேரும்போது ஒருநாள் சம்பளமும் பஸ் காசும் சாமான் காசும் போயிருக்கும். மாதத்தில் நாலு தடவை போனால், தொடக்கத்தில் பார்த்த அந்த 10,000 ரூபா தண்டப்பணத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும்.

பிணை எடுக்கவும் இதே சிக்கல். பிணை வழங்குவதே விதி, மறுப்பது விலக்கு என்பது 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தின் நோக்கம். ஆனால் பிணையாள் வேண்டும். அவர் வதிவிடத்துக்குக் கிராம உத்தியோகத்தரின் சான்று வேண்டும். தோட்டக் காணி அரசினுடையது, 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது, லயக் காம்பராவுக்கு உறுதி இல்லை. சொத்தும் இல்லாத, சொந்த முகவரியும் இல்லாத ஒருவர் யாருக்குப் பிணை நிற்பது?

பிந்துனுவெவ

ஊவாவில் மறுவாழ்வு பற்றி எழுதுகிற யாரும் பிந்துனுவெவவைக் கடந்து போக முடியாது. பண்டாரவளைக்கு அருகே இருந்த அந்த முகாம், போராளிகள் எனச் சந்தேகிக்கப்பட்ட அல்லது சரணடைந்த தமிழ் இளைஞருக்கான அரச புனர்வாழ்வு நிலையம். 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி காலை ஒரு கும்பல் உள்ளே புகுந்து 27 பேரைக் கொன்றது. அறுபது அளவிலான பொலிசார் அவ்விடத்தில் இருந்தார்கள். 2003இல் ஐவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2005இல் உயர் நீதிமன்றத் தீர்ப்போடு தண்டிக்கப்பட்டவர் ஒருவரும் இல்லை என்றாயிற்று.

அது சாதாரணச் சிறை அல்ல, அங்கிருந்தோர் சாதாரணக் கைதிகளும் அல்லர். ஆனாலும் அது காட்டிய உண்மை எல்லாப் புனர்வாழ்வுக்கும் பொருந்தும். வேலிக்கு உள்ளே என்ன வகுப்பு நடத்தினாலும், வேலிக்கு வெளியே உள்ள ஊரைப் பகைமையிடம் விட்டுவிட்டால் அத்தனையும் ஒரு காலையில் அழிந்துபோகும். பொறுப்பேற்க வேண்டிய அரசு பொறுப்பேற்காவிட்டால் தொண்டு அமைப்பால் அந்த இடத்தை நிரப்பவும் முடியாது.

வெளியே வந்த முதல் மாதம்

விடுதலையான தொழிலாளியின் உண்மையான விசாரணை பெரட்டுக் களத்தில் நடக்கிறது. நாட்கணக்கில் வேலைக்கு வராதவரின் பெயர் செக்ரோல் எனும் தோட்டத் தொழிலாளர் பதிவேட்டில் வெட்டப்பட்டிருக்கலாம். திரும்பப் பதிய வேண்டுமானால் கணக்கப்பிள்ளை, தோட்டத் தலைவர், துரை என்று ஏறி இறங்க வேண்டும். பெயர் இல்லாவிட்டால் சேமலாப நிதி இல்லை, முற்பணம் இல்லை, கைக்காசு வேலைதான் கதி. பக்கத்து நகரக் கடையில் வேலை கேட்டால் கிராம உத்தியோகத்தரின் நற்சான்றிதழ் கொண்டு வா என்பார்கள். ஆக, மறுபடி கசிப்புப் பரலிடம் போகிறவரைப் பார்த்து ‘திருந்தாத ஜென்மம்’ என்பது எளிது. திரும்பிப் போக அவருக்கு வேறு எந்த வாசல் திறந்திருந்தது என்று கேட்பதுதான் நியாயம்.

வெளிநாடுகளில் இந்த முதல் மாதத்தைக் குறிவைத்தே தொண்டு வளர்ந்தது. 1883 டிசம்பரில் மெல்போர்னில் இரட்சணிய சேனையினர் சிறைவாசலில் காத்திருந்து, விடுதலையாவோரை அழைத்துப்போகத் தொடங்கினார்கள். சிங்கப்பூரில் 2004இல் தொடங்கிய மஞ்சள் நாடா இயக்கம், முன்னாள் கைதியை வேலைக்கு எடுக்கும்படி முதலாளிகளையும் ஏற்றுக்கொள்ளும்படி அயலவரையும் நேரடியாகக் கேட்டது. திருந்து என்று கைதிக்குச் சொல்வதோடு நிற்காமல், கதவைத் திற என்று ஊருக்குச் சொன்னதே அதன் புதுமை. இந்தியா 2023இல் ஏழைக் கைதிகளின் தண்டப்பணத்துக்கும் பிணைக்கும் அரச நிதி ஒதுக்கும் திட்டத்தை அறிவித்தது. பணமின்மைக்குச் சிறை என்பதை ஓர் அரசே பிரச்சினையாக ஒப்புக்கொண்டது பெரிய விஷயம்.

இங்கே என்ன செய்யலாம்?

இலங்கையிலும் வழி இல்லாமல் இல்லை. 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டப்படி, சிறு குற்றம் செய்தவரைச் சிறைக்கு அனுப்பாமல் சம்பளமில்லாச் சமூக வேலையில் ஈடுபடுத்த நீதிமன்றம் உத்தரவிடலாம். அவர் இரவில் தன் லயத்திலேயே தூங்குவார், பிள்ளை பாடசாலைக்குப் போகும், செக்ரோலில் பெயரும் தப்பும் வாய்ப்புண்டு. தண்டப்பணம் கட்ட வழியில்லை என்று தெரிந்த வீட்டார், வழக்குத் தவணைக்கு முன்பே சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போய் இதைக் கேட்க வேண்டும். சிறைக்குப் போன பிறகு கேட்பது தாமதம்.

தொண்டு அமைப்புகள் தங்கள் பணத்தின் ஒரு பகுதியைப் பண்டிகைப் பார்சலிலிருந்து பஸ் காசுக்கும், தண்டப்பணத்துக்கும், தமிழ் தெரிந்த ஒருவரைக் கோர்ட் வளாகத்தில் உட்கார வைப்பதற்கும் மாற்றினால் பலன் கூடும். படம் எடுத்துப் பத்திரிகையில் போட இவை தோதான உதவிகள் அல்ல என்பது உண்மை.

எல்லாவற்றுக்கும் மேலாக, தொழிற்சங்கங்களால் மட்டுமே செய்யக்கூடிய வேலை ஒன்று மிச்சம் இருக்கிறது. சம்பளத்தைப் பற்றிக் கம்பனிகளோடு பேசும் மேசையில் இன்னொரு வரியையும் வைக்கலாம்: தண்டப்பணம் கட்ட முடியாமலோ விளக்கமறியலிலோ குறுகிய காலம் சிறையில் இருந்தவரின் பெயரை வெட்டக்கூடாது, வெட்டியிருந்தால் திரும்பி வந்ததும் பதிய வேண்டும். இதற்கு வெளிநாட்டு நிதி வேண்டாம், புதுக் கட்டடம் வேண்டாம். சந்தா கட்டுகிற உறுப்பினர்கள் அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் தங்கள் தலைவரிடம் இதைக் கேட்டாலே தொடங்கிவிடலாம்.