சீல் உடையாத பெட்டியும் ஒரு ஃபேக்ஸும்

விமான நிலையத்தில் நம் ஊறுகாய் பாட்டிலையே விட்டுவைக்காத சுங்க அதிகாரிகளை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் சீனாவின் சிச்சாங் ஏவுதளத்துக்காக அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்று பெட்டியில் வந்திறங்கினால், சீனச் சுங்க அதிகாரிகளின் கை அதன் மூடிமேல் படக் கூடாது! 1988-ல் இரு நாடுகளும் போட்ட ஒப்பந்தம் அப்படி. சீல் வைத்த பெட்டி சீல் வைத்தபடியே போகும். பிரிப்பது, சோதிப்பது, கூடத்தைப் பூட்டிக் காவல் காப்பது எல்லாம் அமெரிக்க ஆட்கள். சுமப்பது மட்டும் சீன ராக்கெட். ‘உள்ளே என்ன இருக்கு?’ என்று எட்டிப் பார்க்கக் கூடாது.

டி.வி. சீரியலையும் ட்ரங்க் காலையும் அனுப்பும் சாதுவான பெட்டிக்கு ஏன் இத்தனை கெடுபிடி? அமெரிக்கச் சட்டப்படி அன்று அது துப்பாக்கி, டாங்கியோடு ஒரே பட்டியலில் இருந்த போர்த்தளவாடம். லைசென்ஸ் இல்லாமல் எல்லை தாண்டாது.

இந்த ஏற்பாட்டில் முதலில் பறந்த ஆசியாசாட்-1-ன் ஜாதகம் இருக்கிறதே, அது தனி சினிமா! வெஸ்டார்-6 என்ற பெயரில் 1984 பிப்ரவரியில் மேலே போய், வழி தவறி அந்தரத்தில் மாட்டிக்கொண்டது. நவம்பரில் டிஸ்கவரி விண்ணோடத்தில் போன வீரர்கள் அதைக் கையால் பிடித்துத் தரைக்குக் கொண்டுவந்தார்கள். தூசி தட்டி, பெயர் மாற்றி, 1990 ஏப்ரலில் சிச்சாங்கிலிருந்து மறுபடி அனுப்பினார்கள். செகண்ட் ஹேண்ட் சரக்குக்குத்தான் அத்தனை காவலும்.

சரி, கொஞ்சம் மூச்சை அடக்கிக்கொள்ளுங்கள். 1996 பிப்ரவரி 15, விடிகாலை மூன்று மணி. அமெரிக்காவின் லோரல் நிறுவனம் செய்த இன்டெல்சாட்-708 செயற்கைக்கோளைச் சுமந்து லாங் மார்ச் 3பி என்ற சீன ராக்கெட் முதன்முறையாகக் கிளம்புகிறது. கிளம்பியதுமே சாய்கிறது. இருபத்திரண்டாவது விநாடியில் பக்கத்து மலைச்சரிவில் மோதி வெடிக்கிறது. ஆறு பேர் இறந்ததாகச் சீனா அறிவித்தது.

அமெரிக்கர்கள் இடிபாடுகளை நெருங்கவே சுமார் ஐந்து மணி நேரம் ஆனது. கருகிய துண்டுகளைப் பொறுக்கி ஊருக்கு எடுத்துப்போனார்கள். ஆனால், சங்கேதக் கட்டளைகளைப் பிரித்துப் படிக்கும் சர்க்யூட் போர்டுகள் மட்டும் கிடைக்கவே இல்லை. எரிந்து போயிருக்கும் என்றார்கள் பலர். ‘இருக்கும்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு எந்தப் பாதுகாப்பு அதிகாரிக்குத் தூக்கம் வரும்?

வேடிக்கை என்னவென்றால், பெரிய வம்பு வந்தது அந்த போர்டுகளால் அல்ல. ராக்கெட் ஏன் விழுந்தது என்று தெரியாமல் அடுத்த செயற்கைக்கோளுக்குக் காப்பீடு தர மாட்டோம் என்று கம்பெனிகள் கையை விரித்தன. லோரல் அதிகாரி தலைமையில் ஒரு குழு கூடியது. சீனர்கள் சொன்ன காரணம் போதாது, வழிகாட்டும் கருவியில் இன்ன இடத்தையும் பாருங்கள் என்று அறிக்கை எழுதியது. மே மாதம் அந்த அறிக்கை, அரசின் அனுமதிக்குக் காத்திராமல், ஃபேக்ஸில் சீனாவுக்குப் போய்விட்டது! ராக்கெட்டை நேராகப் பறக்கவைக்கும் அறிவு ஏவுகணைக்கும் உதவும் அல்லவா? பெட்டிக்குப் பூட்டு, சீல், ஆள்காவல் எல்லாம் போட்டாகிவிட்டது. ஃபேக்ஸ் மெஷின் பக்கத்தில் யாரையும் நிறுத்தவில்லை!

2002-ல் லோரல் 1.4 கோடி டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டது. அதற்கு முன்பே, 1999 மார்ச்சில், லைசென்ஸ் கோப்புகள் வணிகத் துறையின் மேஜையிலிருந்து வெளியுறவுத் துறைக்கு இடம் மாறின. சீனாவில் ஏவினால் பாதுகாப்புத் துறையின் கண்காணிப்பாளர் கூடவே நிற்க வேண்டும். அவருக்கு ஆகும் செலவு லைசென்ஸ் வாங்கியவர் தலையில். பெண்ணுக்குக் காவலாக வந்தவரின் சாப்பாட்டுக் கணக்கும் பெண் வீட்டாருக்கே! 2014-ல் பெரும்பாலான கோப்புகள் வணிகத் துறைக்கே திரும்பின. சீனாவுக்குப் போட்ட தாழ்ப்பாள் மட்டும் திறக்கவில்லை.

இதற்கிடையே ஐரோப்பாவின் தாலெஸ் அலேனியா நிறுவனம், அமெரிக்க உதிரிபாகங்களைத் தவிர்த்ததாகச் சொல்லி சைனாசாட்-6பி என்ற செயற்கைக்கோளைச் செய்துமுடித்தது. அமெரிக்க லைசென்ஸே வேண்டாம் என்பது அவர்கள் கணக்கு. 2007 ஜூலையில் அது மேலே போனது. ஏவுதளம் அதே சிச்சாங். ராக்கெட்? அதே லாங் மார்ச் 3பி.