பங்குனித் தீயைத் தையிலேயே அணைக்கணும்

களைக்கொல்லி அடித்து நிலத்தைத் துடைத்து வைத்திருப்பவர் தோட்டத்தில் கோடையில் தீ வந்தால் எரிய அதிகம் இருக்காது. நம்ம தோட்டம் அப்படியில்லை. வைக்கோல், சருகு, தென்னை மட்டை, அறுத்த களை என்று எல்லாவற்றையும் மூடாக்காகப் பரப்பி வைத்திருக்கிறோம். மண்ணுக்கு அதுதான் சோறு. தீக்கும் அதுதான் சோறு. அதனால் புல் தீயைப் பற்றி மற்றவர்களைவிட இயற்கை விவசாயிதான் அதிகம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

எங்கள் பிள்ளைச்சாவடி கடலை ஒட்டிய ஊர். மேற்கே நிலம் மெல்ல உயர்ந்து ஆரோவில் இருக்கும் செம்மண் மேட்டில் போய்ச் சேரும். 1968-ல் ஆரோவில் தொடங்கியபோது பெரும்பாலும் பொட்டலாகக் கிடந்த மேடு அது. மரம் வைத்துத்தான் காடாக்கினார்கள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரை கடந்தபோது அங்கேயும், சுற்று வட்டார முந்திரித் தோப்புகளிலும் ஏராளமான மரங்கள் சாய்ந்தன. சாய்ந்த மரம் காய்ந்து விறகாகும். நிழல் போன இடத்தில் புல் மண்டும். புயலுக்குப் பிந்திய கோடைகளில் தீ பயம் கூடுவது இதனால்தான்.

தீ தானாக வருவது அபூர்வம். வரப்புக்கு வைத்த நெருப்பு, சாலையோரம் எரித்த குப்பை, அணைக்காமல் போட்ட பீடி, முந்திரிக் கொட்டை பொறுக்க வசதியாகச் சருகைக் கொளுத்துவது, மின்கம்பியில் உரசும் தென்னை மட்டை என்று ஏதோ ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

தீ எப்படி நடக்கிறது?

புல் தீக்குத் தலை, விலா, வால் என்று மூன்று பாகம். காற்று தள்ளும் திசையில் வேகமாக ஓடுவது தலை. இரண்டு பக்கமும் மெதுவாகப் பரவுவது விலா. காற்றை எதிர்த்து ஊர்வது வால். மேட்டை நோக்கி ஏறும்போது தலைக்கு இன்னும் வேகம் வரும். மேலே இருக்கும் புல்லை அனல் முன்கூட்டியே காய வைத்துவிடுகிறது.

கடற்கரைக்காரர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோடையில் காலையில் மேல்காற்று வீசினால் தீ கிழக்கே ஓடும். மதியத்தை ஒட்டிக் கடல்காற்று தென்கிழக்கிலிருந்து நுழைந்தால், அதுவரை சாதுவாக இருந்த வடக்கு விலா முழுவதும் தலையாக மாறிவிடும். 20 அடி அகலத்தில் ஓடிக்கொண்டிருந்த தீ திடீரென்று 200 அடி அகலத்தில் கிளம்பும். "பாதி அணைஞ்சிடுச்சு" என்று உட்காரும் நேரம் அதுவாக இருக்கக் கூடாது.

2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேறப் போன 20 பேருக்கு மேல் தீயில் மாண்டது நமக்கு நினைவிருக்கும். காய்ந்த புல் சரிவில் தீயின் வேகத்துக்கு மனிதர் ஓட முடியாது. 1949 ஆகஸ்டு 5-ல் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கில், பயிற்சி பெற்ற தீயணைப்பு வீரர்களையே புல் தீ துரத்திப் பிடித்தது. 13 பேர் இறந்தார்கள். குழுத் தலைவர் வாக்னர் டாட்ஜ் தன் முன்னால் இருந்த புல்லைத் தானே கொளுத்தி, அது எரிந்து முடிந்த சாம்பலில் குப்புறப் படுத்துப் பிழைத்தார். அதை நாம் செய்து பார்க்க வேண்டாம். எரிந்து முடிந்த நிலத்தில் மறுபடி எரிய எதுவும் இல்லை என்பதை மட்டும் பிடித்துக்கொள்வோம். புல் தீயில் கருகிய பக்கம்தான் பாதுகாப்பான பக்கம்.

அணைக்கும் முறை

தீயைக் கண்டதும் முதலில் 101 அல்லது 112. எங்கள் பக்கம் புதுச்சேரியும் விழுப்புரம் மாவட்டமும் பின்னிக் கிடக்கின்றன. எந்த மாநிலம், எந்த ஊர், பக்கத்தில் எந்தக் கோயில் அல்லது பள்ளி என்று தெளிவாகச் சொல்லுங்கள். வண்டிக்கு வழிகாட்டச் சாலையில் ஒருவர் நிற்கட்டும்.

பருத்தித் துணி உடுத்துங்கள். பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். ரப்பர் செருப்பும் அப்படித்தான். முகத்தில் ஈரத் துண்டு கட்டிக்கொள்ளுங்கள்.

தலைக்கு முன்னால் போய் நிற்கக் கூடாது. வாலில் தொடங்கி, கருகிய நிலத்தில் கால் வைத்து, இரண்டு விலாவையும் அணைத்துக்கொண்டே முன்னேறித் தலையை நெருக்க வேண்டும். பச்சை வேப்பங்கிளை, புங்கங்கிளை, ஈரச் சாக்கு இவைதான் ஆயுதம். ஓங்கி அடித்தால் பொறி பறந்து அடுத்த புல்லில் விழும். அழுத்தி, கருகிய பக்கமாக இழுத்துத் துடைக்க வேண்டும். ஒருவர் கைத்தெளிப்பானில் தீயின் அடிப்பகுதிக்குத் தண்ணீர் அடிக்க, பின்னால் இருவர் துடைத்து வந்தால் 16 லிட்டர் தண்ணீர் நிறைய தூரம் வரும். ஜீவாமிர்தம் கரைக்கும் 200 லிட்டர் டிரம் கோடை முழுக்கத் தண்ணீரோடு நிற்கட்டும். தீ நேரத்தில் மின்சாரம் போனால் மோட்டாரை நம்ப முடியாது.

நெருப்பு நாலடி உயரத்தைத் தாண்டினால் கிளையும் சாக்கும் போதாது. விலகிவிடுங்கள். தோட்டத்தை மறுபடி உண்டாக்கலாம்.

அணைந்த பிறகும் ஒரு நாள் காவல் தேவை. காய்ந்த சாணம், மரக் கட்டை, பனையின் காவோலை இவற்றில் நெருப்பு ஒளிந்திருந்து, காற்று வந்ததும் எழும்.

தை மாத வேலை

மேலே சொன்னதெல்லாம் கடைசி நேரச் சமாளிப்பு. உண்மையான தீயணைப்பு, வடகிழக்குப் பருவமழை முடிந்து புல் பச்சையாக இருக்கும் தை மாதத்தில் நடக்கிறது. எங்கள் தோட்டத்தில் வேலியை ஒட்டி உள்பக்கம் 12 அடிக்குப் புல்லை அறுத்து மாட்டுக்கும் மட்கு உரத்துக்கும் எடுத்துவிடுகிறோம். அந்தப் பட்டையில் ஆட்டுக்கிடை போட்டால் மிச்சப் புல்லும் தீரும், உரமும் சேரும். மாசியில் மண் தெரியும்படி ஒருமுறை கொத்திவிடுகிறோம். வேலியோரம் சோற்றுக்கற்றாழை வரிசை இருக்கிறது. பனையில் காவோலையைக் கழித்துவிட வேண்டும், இல்லையென்றால் அதில் ஏறும் தீ பொறியை அடுத்த தோட்டத்துக்கே அனுப்பும்.

மூடாக்கை வேலி வரை கொண்டுபோகாதீர்கள். உள்ளேயும் ஒரே பாயாக விரிக்காமல், இடையிடையே வெறும் மண் நடைபாதை விடுங்கள். சொட்டுநீர்க் குழாய் பிளாஸ்டிக். மூடாக்கில் தீ ஓடினால் குழாயும் போகும். வைக்கோல் போர் வீட்டையும் கொட்டகையையும் விட்டுத் தள்ளியே இருக்கட்டும்.

"எரிச்சா மண்ணுக்குச் சாம்பல் சத்துதானே" என்று சொல்பவர்கள் உண்டு. சாம்பல் சத்து மிஞ்சும், சரி. தழைச்சத்தும் கந்தகமும் பெரும்பகுதி புகையாகப் போய்விடும். மக்காக வேண்டிய கரிமமும் போச்சு. தர்ப்பை போன்ற புல்லின் கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருந்து, முதல் மழைக்கு முன்னைவிட அடர்த்தியாக வரும். எரித்துப் புல்லை ஒழித்தவர் யாருமில்லை.

வங்கியில் இருந்தவன் என்பதால் ஒரு வார்த்தை. மோட்டார், கொட்டகை, மாட்டுக்குக் காப்பீடு எடுக்கும்போது தீ விபத்து அதில் அடங்குமா என்று படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். இழப்பு நேர்ந்தால் எதையும் ஒதுக்கும் முன் படம் எடுத்து, தீயணைப்புத் துறையிடம் சான்று கேட்டு வாங்குங்கள். நாலு வருடம் சேர்த்த மக்குக்கு நான் அறிந்து எந்தக் காப்பீடும் கிடையாது.

தீ வரப்பு பார்த்து நிற்காது. தை பிறந்ததும் அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் நாலைந்து பேர் கூடி, யார் எந்த எல்லையைச் சுத்தம் செய்வது, தண்ணீர் எங்கே, யாருக்கு முதலில் போன் செய்வது என்று பேசி முடித்துவிடுங்கள். முந்திரிச் சருகு கொளுத்துகிறவரையும் கூப்பிடுங்கள். கொளுத்தாமல் கூட்டிக் கொடுத்தால் நாமே மூடாக்குக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிப் பாருங்கள்.